வெட்டாமல் விட்ட காடு

பிப்ரவரி 6, 2025 – வியாழன்

குவாலா கெடாவில் ஃபெரி ஏறி, மதியத்துக்கெல்லாம் குவா துறைக்கு வந்துவிட்டோம். 1987 முதல் லங்காவி வரியில்லாத் தீவு. சாக்லெட்டும் பீங்கான் தட்டும் வாங்க வந்த கூட்டம் துறையிலிருந்தே கடைகளுக்குள் கலைந்தது. எங்கள் மகிழுந்து வடமேற்கு மூலைக்குத் திரும்பியது. முக்கால் மணி நேரத்தில் கடை, வீடு, பள்ளிவாசல் எல்லாம் பின்தங்கி, சாலையின் இரு பக்கமும் காடு மட்டும்தான்.

எனக்கு அறுபது முடிந்ததற்காக மகள் தன் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த காட்டு விடுதி இது. மனைவிக்கு வரும் வழியெல்லாம் செலவு பற்றிய கவலை. வாசலில் பெட்டிகளை வாங்கிக்கொண்டு, சின்ன மின்வண்டியில் எங்களை உள்ளே கொண்டுபோனார்கள். எங்கள் வில்லாவிலிருந்து அடுத்த கூரை தெரியவில்லை. மூன்று பக்கம் மரங்கள், ஒரு பக்கம் சரிவு. சரிவுக்குக் கீழே கடல் இருப்பது சத்தத்தில்தான் தெரிகிறது.

வீடு தூண்களின்மேல் நிற்கிறது. அடியில் வேர்களும் மழைநீரும் தம் போக்கில் போகின்றன. முன்தளப் பலகையில் வட்டமாக வெட்டி, அதன் வழியே ஒரு மரத்தை விட்டிருக்கிறார்கள். மரத்துக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி. மரம் பருக்கப் பருக்கப் பலகையை அறுத்துக் கொடுப்பார்களாம். அண்மையில் அறுத்த இடம் வெளுப்பாக, மரத்தூள் மணத்தோடு இருக்கிறது. குளியல் தொட்டி, தனிக் குளம், வெள்ளை மெத்தை எல்லாவற்றையும் பார்த்தேன். அந்த அறுத்த விளிம்பைப் பார்த்த பிறகுதான் இந்த இடத்தின்மேல் மரியாதை வந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

பொழுது விடிய ஏழரை ஆகிவிடுகிறது. அதற்கு முன்பே வனவழிகாட்டி வந்து நின்றார். பாடாங் செராய் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவன் என்று தெரிந்ததும், "சார், அப்படியென்றால் இன்றைக்குத் தமிழிலேயே நடப்போம்" என்றார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

முதலில் இலைக்குரங்குகள். மலாய்க்காரர்கள் லோத்தோங் என்பார்கள். கரும்சாம்பல் உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். தாயின் மடியில் ஒரு குட்டி, பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில். சில மாதங்களில் அந்த நிறம் மாறி, தாயைப்போல் சாம்பலாகிவிடும் என்றார். இவை தின்பது பெரும்பாலும் இலை. வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் அந்த இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கச் செய்கின்றன. ரொட்டியும் இனிப்பும் போனால் அந்த வயிறு கெட்டுவிடும்.

அப்புறம் இருவாச்சி. பறவை தெரியுமுன் இறக்கைச் சத்தம் கேட்டது, தலைக்கு மேலே யாரோ மூச்சு வாங்குவதுபோல. லங்காவியில் மூவகை இருவாச்சிகள் உண்டு. நாங்கள் பார்த்தது பெரிய இருவாச்சி. ஆண் பறவை ஒரு பெருமரத்தின் பொந்துக்கு எதிரே வந்து தொற்றிக்கொண்டது. பொந்தின் வாய் முழுக்கப் பூசி அடைத்திருந்தது, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும். உள்ளே பெண் பறவை தன் எச்சத்தாலேயே பூசித் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையோ குஞ்சோ காக்கிறது. ஆண் தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழத்தைக் கக்கி, அலகு நுனியில் பிடித்து, கீறலில் நீட்டியது. உள்ளிருந்து ஓர் அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டது. மறுபடியும் ஒரு பழம். மறுபடியும். ஒவ்வொன்றாகத்தான், அவசரமே இல்லை. மனைவி என் கையைப் பிடித்தபடி, கடைசிப் பழம்வரை வாயே திறக்கவில்லை.

"உள்ளே இருக்கும்போது பெட்டைக்கு இறக்கைச் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும் சார். ஆணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் பட்டினிதான்."

இந்தப் பறவைக்குப் பொந்து குடையத் தெரியாது. கிளை முறிந்தும் உளுத்தும் தானாக விழுந்த பொந்துதான் வேண்டும். இவ்வளவு பெரிய பறவை புகும் பொந்து இளமரத்தில் விழாது. தலைமுறை தலைமுறையாக நின்ற மரத்தில்தான் விழும்.

இரவு, சாப்பாட்டுக்குப் பின், சிவப்புக் கண்ணாடி பொருத்திய டார்ச்சோடு கொலுகோ என்னும் சறுக்கும் விலங்கைப் பார்க்கப் போனோம். பூனை அளவு. மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டியிருந்தது. கழுத்திலிருந்து விரல் நுனி, வால் நுனிவரை ஒரே தோல் விரிப்பு. திடீரென்று மரத்தை விட்டது, நிலா வெளிச்சத்தில் சதுரமாக விரிந்து, சத்தமே இல்லாமல் அடுத்த சரிவுக்குச் சறுக்கிப் போயிற்று. நூறு மீட்டருக்கு மேலும் இப்படிப் போகுமாம். மரங்களுக்கு நடுவே அகலமாக வெட்டவெளி விழுந்துவிட்டால், அக்கரைக்குப் போக வழியில்லை.

பிப்ரவரி 8, சனி

இன்று வழிகாட்டியிடம் பாறையைப் பற்றியும் விடுதிகளைப் பற்றியும் கேட்டேன். இந்த மச்சின்சாங் மலையின் மணற்கல் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது, மலேசியாவிலேயே மிகப் பழமையானது. இதையும் மற்ற பாறைகளையும் வைத்துத்தான் 2007இல் யுனெஸ்கோ லங்காவியைப் புவிப்பூங்கா வலையில் சேர்த்தது. தென்கிழக்கு ஆசியாவில் முதல் இடம் இதுதான். காட்டுக்குள் தங்கும் சொகுசு விடுதி என்பதை இந்தக் கரையில் 1993இல் தொடங்கிவைத்தது தி டத்தாய். வரைந்தவர் ஆஸ்திரேலியாவின் கெர்ரி ஹில். கடலை ஒட்டி வரிசை கட்டாமல், கட்டடத்தைக் கரையிலிருந்து உள்ளே தள்ளி மேட்டில் வைத்தார். 2001இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

வழிகாட்டியும் நானும் ஓடைப் பாலத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினோம். அவர் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். என் அம்மாவும் அப்படித்தான். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மர நிரைக்குப் போனவர். அதற்கும் முந்திய தலைமுறை செய்தது காடழிப்பு. பிரேசில் ரப்பரின் நாற்றுகள் 1877இல் சிங்கப்பூரிலும் கோலாகங்சாரிலும் ஊன்றப்பட்டன. அடுத்த நூற்றாண்டு பிறந்ததும் ரப்பர் விலை ஏறியது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து பெருநிலத்துக் காட்டை வெட்டவைத்தார்கள். என் தாத்தா கையில் கோடாரியைக் கொடுத்தது கம்பெனி. மலைக்காய்ச்சலில் செத்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. தாத்தாவைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் அவர் வெட்டியது எப்படிப்பட்ட காடு என்பதை நேற்றுத்தான் கண்ணால் பார்த்தேன்.

"என் பாட்டியிடம், காட்டைக் காட்டிச் சம்பளம் வாங்குகிறேன் என்றேன் சார். காட்டை என்னடா காட்டுவது, வெட்டத்தானே சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டது."

இங்கே ஓரிரவுக்கு வாங்கும் வாடகை அன்றைக்கு அம்மாவுக்குப் பல மாதச் சம்பளம். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனாலும் யோசித்துப் பார்க்கிறேன். காடு நின்றால்தான் வருமானம் என்கிற கணக்கை இங்கே வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் ரப்பருக்கும் செம்பனைக்கும் போன நிலத்தைப் பார்த்தவன் நான். மரத்துக்காகப் பலகையை அறுக்கும் கணக்கு எனக்கு ஏற்புடையதுதான்.

மாலையில் பக்கத்து வில்லாவில் இருந்தவர் முற்றத்துக் குரங்குகளுக்கு ரொட்டி போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வழிகாட்டி போய்ப் பணிவாகச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டைப் போட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. காட்டில் தங்குவதற்கு அத்தனை பணம் கட்டிவிட்டு, காட்டின் வயிற்றைக் கெடுப்பதா?

பிப்ரவரி 9, ஞாயிறு

வெயில் கடுமை. சில்வண்டுகள் காலையிலிருந்து ஓயவில்லை. காயப்போட்ட துண்டு மறுநாளும் ஈரமாகவே இருக்கிறது. கடலில் கொஞ்சம் நீந்தினேன். மனைவி இருவாச்சி மரத்தடிக்கு மறுபடி போய்விட்டு வந்து, "இன்றைக்கும் வந்தது" என்றாள்.

பிப்ரவரி 10, திங்கள்

நாளை தைப்பூசம். சுங்கை பட்டாணிக் கோயிலில் மச்சான் மகன் காவடி எடுக்கிறான், அதனால் காலையிலேயே புறப்பட்டோம். வழியில் தெமூருன் அருவியில் நிறுத்தச் சொன்னேன். சாலையோரத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் அருவி. பிப்ரவரியில் தண்ணீர் குறைவு. ஆனால் மலையும் காடும் அதே மலை, அதே காடு. வாகனம் நிறுத்திய இடத்துக்கு மேலேயே இரண்டு இருவாச்சிகள் பறந்து போயின. பார்ப்பதற்கு ஒரு காசு கேட்கவில்லை.

அதனால் இதை என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்களுக்காக எழுதிவைக்கிறேன். வில்லாவுக்குப் பணம் இல்லையென்று இந்தக் காட்டை விட்டுவிடாதீர்கள். கெடாவின் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை ஃபெரியில் கூட்டிக்கொண்டு வாருங்கள். டத்தாய்ச் சாலைக்கு விடியற்காலையில் போங்கள், பிள்ளைகளைப் பேசாமல் நிற்கச் சொல்லுங்கள். அவர்களுடைய பூட்டன்மார் வெட்டிய காடு எப்படி இருந்தது என்பதை அங்கேயே சொல்லிக்கொடுங்கள். பையில் இருக்கும் ரொட்டியைக் குரங்குக்குப் போட மட்டும் விடாதீர்கள்.