பிலிம் காட்டின அண்ணன்

கோடை விடுமுறைக்கு மெட்ராஸிலிருந்து பெரியப்பா மகன் வந்து இறங்கினால் தெருவே எங்கள் திண்ணைக்கு வந்துவிடும். பெல்பாட்டம் பேன்ட், வீட்டுக்குள்ளும் கழற்றாத கூலிங் கிளாஸ், யாராவது மணி கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் கைக்கடிகாரம். இட்லியைப் பிட்டு வாயில் வைப்பதற்குள் "எங்க மெட்ராஸ்ல..." என்று ஆரம்பித்துவிடுவார். ஆச்சி ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "ஏல, போதும். ரொம்பத்தான் பிலிம் காட்டாத!" என்றாள்.

தங்கச்சி அப்போது பள்ளிக்கூடமே போகாத பொடிசு. அன்று முழுக்க அவர் பின்னாலேயே சுற்றிவிட்டு, சாயங்காலம், "அண்ணே, எப்ப பிலிம் காட்டுவீங்க?" என்று கேட்டாள். திண்ணையே சிரித்தது. அண்ணன் கூலிங் கிளாஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு மத்தியானம்" என்றார். பாவம், வேறு என்னதான் சொல்வார்!

பிலிமுக்குப் பஞ்சமில்லை. டூரிங் டாக்கீஸில் அறுந்த சுருளை வெட்டி ஒட்டும்போது விழுகிற துண்டுகள் எங்கள் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தன. எம்.ஜி.ஆர். சண்டைத் துண்டு ஒன்றுக்கு எழுத்துப் போடும் துண்டு நாலைந்து கொடுக்க வேண்டும். அதுதான் அன்றைய விலை.

பீஸ் போன குண்டு பல்பின் அடிப்பாகத்தை அண்ணன் பதமாகத் தட்டி எடுத்தார். உள்ளே இருந்த கம்பியை உருவிவிட்டுத் தண்ணீர் நிரப்பினார். அதுதான் லென்ஸ். அறையை அடைத்து இருட்டாக்கி, சுவரில் தாத்தாவின் வேட்டியைக் கட்டினோம். முற்றத்து வெயிலை நான் முகம் பார்க்கும் கண்ணாடியால் ஜன்னல் இடுக்கு வழியே உள்ளே திருப்பினேன். பிலிமைத் தலைகீழாகப் பிடித்தால்தான் திரையில் ஆள் நேராக நிற்பார். பல்புக்கு இரண்டு விரல் தள்ளிப் பிலிமைப் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்தினார். முதலில் வெறும் கலங்கல். பிறகு சட்டென்று வேட்டி அகலத்துக்கு வாளோடு எம்.ஜி.ஆர்.! ஓரமெல்லாம் மங்கல்தான். கொட்டகையில் நொடிக்கு 24 படம் ஓடும். இங்கே ஒரே படத்தை வெயில் சாயும்வரை பார்த்தோம். ஆச்சிதான் முன்வரிசை. அந்த லீவு முழுக்க மத்தியானம் ஆனால், "ஏல, பிலிம் காட்டலியா?" என்று அவளே கேட்டாள்.

உங்கள் வீட்டில் பழைய குண்டு பல்பு கிடந்தால் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள், எல்.இ.டி. உதவாது. தட்டும்போது மட்டும் கையில் கனத்த துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.