பழசு என்றால் குப்பையா?

காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஃபிஃபோ புதிதல்ல. முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே. மருந்துக் கடைக்கு இது ரொம்பச் சரி, மாத்திரை காலாவதியாகிவிடும். இதே ஃபிஃபோ கணினிக்குள்ளும் உண்டு. அங்கேதான் அது சொதப்புகிறது.

வன்தகட்டிலிருந்து கோப்பைப் படிக்க நேரம் பிடிக்கும். அதனால் ஒருமுறை படித்ததன் நகலைக் கணினி நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அதுதான் கேஷ். இடமோ கொஞ்சம். புதுசு உள்ளே வர, ஏதாவது ஒன்று வெளியே போக வேண்டும். எது?

முதலில் வந்தது போகட்டும் என்கிறது ஃபிஃபோ. சமையலறைக்கு முதலில் வந்தது உப்பு ஜாடி. அதற்காக அதைப் பரணில் ஏற்றுவார்களா? தினமும் வேண்டியதாயிற்றே!

1969-ல் ஐபிஎம்மின் லாஸ்லோ பெலாடியும் சகாக்களும் இதைவிட வேடிக்கையான ஒன்றைக் காட்டினார்கள். ஃபிஃபோவில் இடத்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகவும் ஆகலாம். 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் பக்கங்களைக் கேட்டுப் பாருங்கள். 3 இடம் இருந்தால் 9 முறை வன்தகட்டுக்கு ஓட வேண்டும். 4 இடம் கொடுத்தால் 10 முறை!

அடுத்த வழி எல்ஆர்யு. தொட்டு ரொம்ப நேரமானது போகட்டும். இதில் அந்தக் கூத்து நடக்காது. ஆனால் ஒரே ஒரு முறை படிக்கிற பெரிய கோப்பு வந்தால் போச்சு. கல்யாணத்துக்கு வந்த அண்டாக்கள் அடுக்களையை அடைத்துக்கொண்டு உப்பு ஜாடியை வெளியே தள்ளுகிற கதைதான்.

மிகச் சிறந்த விதியை பெலாடி 1966-லேயே சொல்லிவிட்டார்: இனி எது வெகுநேரம் தேவைப்படாதோ, அதை நீக்கு. ஆனால் அதற்கு எதிர்காலம் தெரிய வேண்டும். கணினிக்கு ஜோசியம் தெரியாது :-)

2003-ல் ஐபிஎம்மின் நிம்ரோட் மெகிடோவும் தர்மேந்திர மோதாவும் ஏஆர்சி என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். ஒருமுறை மட்டும் கேட்கப்பட்டவை ஒரு பட்டியலில், திரும்பவும் கேட்கப்பட்டவை இன்னொன்றில். கூடவே, சமீபத்தில் வெளியேற்றியவற்றின் பெயர்களை மட்டும் குறித்து வைக்கும். அந்தப் பெயர் மறுபடி கேட்கப்பட்டால், தள்ளியது தப்பு என்று புரிந்துகொண்டு அந்தப் பட்டியலுக்கு இடத்தைக் கூட்டும்.

எதிர்காலம் தெரியாதவர்களால் இவ்வளவுதான் முடியும். எதையாவது தள்ளித்தான் ஆக வேண்டும். தள்ளியதன் பெயரையாவது மறக்காமல் இருந்தால், அடுத்த முறை கொஞ்சம் குறைவாகத் தப்பு செய்யலாம்.