நான்கு மொழியில் ஒரு நுரை

ஓசூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள், பாடத்தைவிட மொழிதான் பெரிய வேலை என்பார்கள். கெலவரப்பள்ளி அணைக்கு அருகில் ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் பாதிப் பேர், கன்னடம் பேசுபவர்கள் சிலர், சிப்காட் வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி. தமிழ் எல்லோருக்கும் புரியும். வாய் திறக்கத்தான் கூச்சம்.

2018-ல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு இருந்தது. அடுத்த ஆண்டு கல்வித் தொலைக்காட்சி, 2023-ல் மணற்கேணி செயலி. இதயத்துக்குள் ரத்தம் ஓடுவதைச் சாக்பீஸால் காட்ட என்னால் ஆகாது. அதற்கெல்லாம் வீடியோ வரப்பிரசாதம்தான். ஆனால், வீடியோ போட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதி மீது எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. (2020-ல் பள்ளி மூடிக்கிடந்தபோது அந்த அமைதிகூட இல்லை. வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பாவோடு ஷிஃப்டுக்குப் போய்விடும்!)

போன வருடம் நீர் மாசு பாடத்துக்கு வீடியோ தேடிக்கொண்டிருந்தேன். "எதுக்கு டீச்சர் வீடியோ? ஷட்டர் தொறந்தா நம்ம ஆத்துலயே மலையாட்டம் நுரை வருதே" என்றான் ஒரு பையன்.

அன்று மாலையே எட்ட நின்று போனில் ஸ்லோமோஷனில் எடுத்துவந்து, மறுநாள் ஸ்மார்ட் போர்டில் ஓட்டினேன். கூடவே மேப்பைத் திறந்து ஆற்றின் எதிர்த்திசையில் நகர்ந்தோம். நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருவின் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சுமந்துகொண்டு நம் எல்லைக்குள் வருகிறது. 2015-ல் ரோட்டுக்கே நுரை தள்ளிய வர்த்தூர் ஏரியின் உபரிநீரும் இந்த ஆற்றுக்குத்தான். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை விலகி ஓடும். அதனால் பரப்பு இழுவிசை குறைகிறது. ஷட்டரிலிருந்து விழும் வேகத்தில் காற்று உள்ளே சிக்க, நுரை பொங்குகிறது.

இதை அவரவர் வீட்டு மொழியில் என் போனில் பேசிப் பதியச் சொன்னேன். போர்டில் நுரை என்று எழுதினேன். ஒருத்தன் பக்கத்தில் 'நுருகு' என்று தெலுங்கைச் சேர்த்தான். இன்னொருத்தி கன்னட 'நொரெ'. மூன்றும் அக்கா தங்கை மாதிரி இருக்கவே ஒரே சிரிப்பு. ஜூன் மாதம் முதல் வாயே திறக்காத ஒடிசாப் பெண் எழுந்து, "ஃபேண" என்றாள். பிறகு இரண்டு நிமிடம் நிறுத்தாமல் ஒடியாவில் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கைகளை வைத்து மூலக்கூறின் இரண்டு முனைகளையும் சரியாகக் காட்டினாள்.

கையுறை போட்டு நானே பிடித்துவந்த ஆற்றுநீரை ஒரு பாட்டிலிலும், குழாய் நீரை இன்னொன்றிலும் ஊற்றிக் குலுக்கினோம். குழாய் நீரில் குமிழிகள் உடனே அடங்கின. ஆற்று நீரில் அடுத்த பீரியடு மணி அடிக்கும்வரை நுரை நின்றது.

அப்போது அந்த முதல் பையன் கேட்டான்: "இந்தத் தண்ணியிலதான் எங்கப்பா கீரை போடறாரு. சாப்பிடலாமா டீச்சர்?"

இத்தனை செயலிகளில் எதில் தேடி நான் பதில் சொல்வது? பரிசோதனைக் கூடத்தில் பார்த்தால்தான் தெரியும் என்றேன். அவனுடைய தெலுங்குப் பதிவை அப்பாவின் வாட்ஸப்புக்கு அனுப்பச் சொன்னான். அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து அவன் அப்பா பள்ளி வாசலில் நின்றார். கையில் ஒரு பழைய ஜூஸ் பாட்டில், உள்ளே அவர் கிணற்றுத் தண்ணீர்.

"இதையும் குலுக்கிப் பாருங்க டீச்சர்."

குலுக்கினோம். நுரை வரவில்லை. அவர் முகம் மலர்ந்தது. நுரை வராவிட்டாலும் உள்ளே வேறு ஏதாவது கரைந்திருக்கலாம் என்பதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் மகன் சொல்லிவிட்டான், தெலுங்கில்.

"அப்ப எங்க கொடுக்கணும்?" என்றார். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் விசாரிக்கச் சொன்னேன். பாட்டிலை மூடிக்கொண்டு கிளம்பினார்.