சொல்தா வீட்டு மெட்டு

ஜூலை 14 அன்று புதுச்சேரி கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் பதக்கம் குத்திக்கொண்டு நிற்கும் முதியவர்களை எல்லோரும் படமெடுக்கிறார்கள். இந்தோசீனா, அல்ஜீரியா என்று போய்வந்த சொல்தாக்கள். பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இரண்டு நாட்டு கீதங்களும் முடிந்தால் கேமராக்களும் கிளம்பிவிடும்.

பங்கஜ் ரிஷி குமாரின் 'டூ ஃப்ளாக்ஸ்' ஆவணப்படம் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர்களைப் பின்தொடர்ந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான், இரவல் கேமராவோடு நானும் நண்பனும் செல்லிப்பட்டு ஆயா வீட்டுக்குப் போனோம்.

1954 மே மாதம் தியன் பியன் பூ விழுந்தது. அதே வருஷம் நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. தாத்தா சைகோனிலிருந்து திரும்பியபோது ஊரில் கொடி மாறியிருந்தது. ரெஜிமென்ட், தேதி, பென்ஷன் எல்லாம் காகிதத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவர் பாடிய மெட்டு மட்டும் ஆயாவிடம்.

ஃபேனை நிறுத்தினோம். மாட்டை என்ன செய்வது?

"இன்னா பாஷையோ! ஷவரம் பண்ணும்போது பாடுவாரு" என்றவர் ரெண்டு வரி பாடினார். வார்த்தைகள் பிரெஞ்சும் இல்லை, தமிழும் இல்லை. "அப்பால மறந்துபோச்சு." கை மட்டும் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதை வெட்டிவிடலாம் என்றான் நண்பன். விடமாட்டேன் என்றேன். படமே அந்த நாற்பது நொடிதான்.

அப்போது அடுப்படியிலிருந்து மருமகள், "அங்க மாமா இழுத்துப் பாடுவாரு அத்தை" என்று மூன்றாவது வரியை எடுத்தார்.

மைக் ஆயாவின் புடவையில். அடுப்படிக் குரல் சன்னமாகத்தான் பதிவாகியிருக்கிறது. அடுத்த ஞாயிறு அங்கேதான் ஷூட்டிங்.