விலைபோன விசில்

2009 மே 6. லண்டன் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தில் செல்சீக்கும் பார்சிலோனாவுக்கும் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். நம் ஊரில் அது முடிந்தபோது மணி அதிகாலை இரண்டைத் தாண்டியிருந்தது. தொலைக்காட்சியை அணைத்த கையோடு எழுத உட்கார்ந்தேன். ஒரு சிறு விளையாட்டு இதழில் அப்போது பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். விடிவதற்குள் கட்டுரை தயார். தலைப்பு: 'விலைபோன விசில்'.

ஒன்பதாவது நிமிடத்தில் எஸ்ஸியன் அடித்த கோலோடு, தொண்ணூறாவது நிமிடம் தாண்டியும் முன்னிலையில் இருந்த அணி செல்சீ. மலூடாவைத் தள்ளியது, ட்ரோக்பாவைப் பிடித்து இழுத்தது, பிக்கேயின் கையில் பந்து பட்டது என்று அடுத்தடுத்துப் பெனால்டி கேட்டார்கள். நார்வே நாட்டு நடுவர் டாம் ஹென்னிங் ஓவ்ரெபோ ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. 93-ஆவது நிமிடத்தில் பார்சிலோனாவின் இனியெஸ்டா அடித்த பந்து வலைக்குள் போனது. ஆட்டம் 1-1. முதல் ஆட்டத்தில் கோலே இல்லை என்பதால், எதிரணி மைதானத்தில் அடித்த கோல் என்ற கணக்கில் பார்சிலோனா ரோம் நகர இறுதிப் போட்டிக்குப் போனது. அதற்குப் பிறகும் ஏட்டோவின் கையில் பந்து பட்டதாகச் சொல்லி, பல்லாக் நடுவரின் முகத்துக்கு நேராகக் கத்தியபடி பாதி மைதானம் ஓடினார். நான் பல வருடங்களாகச் செல்சீ ரசிகன். என் நெஞ்சும் அவர் பின்னால்தான் ஓடியது.

கோபம் தவறில்லை. தீர்ப்புகள் தவறு என்று எழுதியதும் தவறில்லை. அன்று தான் செய்த பிழைகளை ஓவ்ரெபோவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். நான் எழுதியது அது மட்டுமல்ல. முந்தைய ஆண்டு மாஸ்கோவில் இரண்டு இங்கிலாந்து அணிகள் இறுதிப் போட்டி ஆடின, அதே இரண்டு அணிகள் மறுபடியும் வருவதை ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா விரும்பவில்லை, அதற்காக ஒரு மனிதர் விலைபோனார் என்று எழுதினேன். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு ஆதாரம்கூடக் கிடையாது. அது எழுதும்போதே எனக்குத் தெரியும். 'தவறிழைத்தார்' என்று முதலில் எழுதி, அதை அடித்துவிட்டு 'விலைபோனார்' என்று போட்டேன். அந்த இடத்தில் அந்தச் சொல் நன்றாக உட்கார்ந்தது. காரணம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் செய்தேன். ஆட்டத்தின் 66-ஆவது நிமிடத்தில் பார்சிலோனாவின் அபிடாலுக்கு ஓவ்ரெபோ சிவப்பு அட்டை காட்டினார். அனெல்கா விழுந்ததற்காகக் கொடுத்த அட்டை அது. மறு ஒளிபரப்பில் பார்த்தால் அபிடால் அவரைத் தொட்டதாகவே தெரியவில்லை. பார்சிலோனா மிச்ச நேரம் முழுவதும் பத்துப் பேரோடு ஆடியது, இறுதிப் போட்டியில் அபிடால் ஆட முடியவில்லை. செல்சீயைத் தோற்கடிக்கக் காசு வாங்கியவர் ஏன் பார்சிலோனா ஆட்டக்காரரை வெளியே அனுப்ப வேண்டும்? இந்தக் கேள்வி அந்த இரவே எனக்குள் எழுந்தது. கட்டுரையில் அந்த அட்டையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் கட்டுரை நின்றிருக்காது.

ஆட்டம் முடிந்ததும் ட்ரோக்பா தொலைக்காட்சி கேமராவுக்குள் முகத்தை நுழைத்துக் கெட்ட வார்த்தையோடு கத்தினார். செல்சீயின் போசிங்வா பேட்டியில் நடுவரைத் திருடன் என்றார். யூஃபா ட்ரோக்பாவுக்கு ஆறு ஆட்டத் தடை விதித்தது. அதில் இரண்டு நிறுத்திவைக்கப்பட்டவை. கிளப்புக்கு ஒரு லட்சம் யூரோ அபராதம். மேல்முறையீட்டில் தண்டனைகள் சற்றுக் குறைந்தன. நான் அடுத்த இதழில் இன்னொரு கட்டுரை எழுதினேன்: அபராதம் என்பது வாய்ப்பூட்டு, உண்மை பேசுகிறவனிடம் வசூலிக்கும் வரி.

அந்தக் கட்டுரையில் பாதியை இன்றும் ஏற்கிறேன். 2023-இல் லிவர்பூல் பயிற்சியாளர் க்ளோப், நடுவர் பால் டியர்னிக்குத் தங்கள் அணி மேல் ஏதோ இருக்கிறது என்ற தொனியில் பேசியதற்கு இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 75,000 பவுண்டு அபராதம் போட்டது. அவ்வளவு சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் பணமே அல்ல; ஆட்டத் தடைதான் உறைக்கும். அபராதத்தால் நடுவர்களின் தரம் உயர்ந்துவிடாது என்பதும் உண்மை. ஆனால் அபராதம் போடும் அந்த விதிகள் எங்கே கோடு போடுகின்றன என்று நான் வாசகருக்குச் சொல்லவில்லை. ஒரு தீர்ப்பு தவறு என்று சொல்ல இடம் உண்டு. அந்த நடுவர் நேர்மையற்றவன், ஒருதலைப்பட்சமானவன் என்று சொன்னால்தான் குற்றம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ஏதோ பேச்சுரிமையே பறிபோவதுபோல எழுதினேன். கோட்டைத் தாண்டியிருந்தவன் நான். கோடே கூடாது என்று வாதாடியது அதனால்தான்.

இதையெல்லாம் அறியாமல் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. அந்த ஆட்டத்துக்கு நான்கு வருடங்களுக்கு முன்பு, 2005-இல், இதே இரண்டு அணிகள் மோதியபோது நடுவராக இருந்தவர் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் ஃபிரிஸ்க். ட்ரோக்பாவை வெளியேற்றினார். இடைவேளையில் பார்சிலோனா பயிற்சியாளர் ரைக்கார்ட் நடுவரின் அறைக்குப் போனார் என்று செல்சீ தரப்பு சொன்னது. அது பொய் என்று யூஃபா முடிவு செய்து, செல்சீ பயிற்சியாளர் மொரின்யோவுக்கு இரண்டு ஆட்டத் தடையும் 20,000 ஸ்விஸ் ஃபிராங்க் அபராதமும் விதித்தது. அதற்குள் ஃபிரிஸ்க்குக்கும் அவர் குடும்பத்துக்கும் கொலை மிரட்டல்கள் குவிந்துவிட்டன. 42 வயதில் விசிலை வைத்துவிட்டுப் போனார். சில மாதங்களுக்கு முன்பு ரோமில் யாரோ எறிந்த பொருள் பட்டு நெற்றியில் ரத்தம் வழிய நின்ற மனிதர், அப்போதுகூட விலகாதவர். அந்த விலகல் செய்தியை எங்கள் இதழில் எழுதியவன் நான்தான். 'பரிதாபம்' என்ற சொல்லைக்கூடப் போட்டிருந்தேன். அதை எழுதிய அதே கைதான் ஓவ்ரெபோவைப் பற்றியும் எழுதியது. அவருக்கும் மிரட்டல்கள் வந்தன.

நார்வே தூரம், என் தமிழ்க் கட்டுரை அவரை எட்டவா போகிறது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்ட வேண்டிய இடத்துக்கு அது எட்டியிருந்தது.

2013-இல் வடசென்னையில் ஓர் எழுவர் கால்பந்துப் போட்டி. எங்கள் தெருப் பையன்களின் அணிக்கு நான் மேனேஜர். அரையிறுதியின் கடைசி நிமிடத்தில் எங்கள் பையன் அடித்த பந்தைக் கோல்கீப்பர் கோட்டின் மேல் விழுந்து பிடித்தார். உள்ளே போய்விட்டது என்று கூட்டம் கத்தியது. நடுவர் கோல் இல்லை என்று கையசைத்தார். நான் வர்ணனை மேசைக்குப் போய் மைக்கைப் பிடுங்கினேன். விளக்குக் கம்பங்களில் கட்டியிருந்த ஸ்பீக்கர்கள் எல்லாவற்றிலும் என் குரல் கேட்டது: "எவ்ளோ வாங்குன?"

அதன் பிறகு நடந்ததை நான் செய்யவில்லை, ஆனால் நான்தான் தொடங்கிவைத்தேன். தண்ணீர் பாக்கெட்டுகள் பறந்தன. ஒரு செருப்பு நடுவரின் தோளில் பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சில நூறு ரூபாய்க்கு விசில் ஊதுகிறவர். மேசையருகே குனிந்து உட்கார்ந்து அறிக்கையை எழுதி முடித்தார். கலைந்து போகும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரிப்போர்ட்ல உங்க பேரு எழுதல சார். எழுதினா பசங்களுக்குத்தான் தடை வரும். அந்த நார்வேக்காரரப் பத்தி நீங்க எழுதினத நான் படிச்சிருக்கேன். நடுவருங்க மேல உங்களுக்கு ஏதோ கோவம்னு அப்பவே நெனச்சேன்."

நான் பதில் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ட்ரோக்பா மன்னிப்புக் கேட்டார், ஆட்டங்களை இழந்தார். எனக்கு ஒரு ரூபாய் அபராதம்கூட இல்லை. அடுத்த வருடம் அந்தப் போட்டிக்கு வேறு நடுவர் வந்தார். போனவரைப் பற்றி ஏற்பாட்டாளர்களிடம் விசாரித்தேன்; இப்போதெல்லாம் அவர் வருவதில்லை என்றார்கள்.

அந்தக் கோலைப் பற்றிப் பையன்கள் இன்னும் என்னிடம் பேசுகிறார்கள். உள்ளே போனதுதானே சார் என்று கேட்பார்கள். ஆமாம் என்றே சொல்லிவந்திருக்கிறேன். நான் நின்றது மறுமுனையில், டீக்கடைப் பக்கம். எனக்கும் அந்தக் கோல் கம்பத்துக்கும் நடுவே ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். பந்தை நான் பார்க்கவே இல்லை. அந்த நடுவர் நான்கடி தூரத்தில் நின்றிருந்தார்.