தாழ்ந்த ஆசனமும் காலின் நோவும்

மக்கள் அமர்வதற்கென்று இயற்றிக்கொண்ட மணை, திண்ணை, ஊஞ்சல், நாற்காலி முதலியன யாவும் ஒருவகையில் ஒத்த இயல்பின. அவற்றில் அமர்ந்தவன் நினைத்தபோது காலை மடக்கலாம், நீட்டலாம், பக்கஞ் சாயலாம், எழுந்தும் போகலாம். மோட்டார் வண்டியின் ஆசனமோ அத்தகையதன்று. வண்டியைச் செலுத்துவோன் கண்ணைச் சாலைக்கும், கையைச் சக்கரத்துக்கும், காலை மிதிகளுக்கும் ஒப்புவித்துவிட்டு மணிக்கணக்காக அசையாதிருத்தல் வேண்டும். பந்தய வண்டிகளை ஒட்டிச் செய்யப்படும் விரைவு மோட்டார்களின் ஆசனம் அதனினும் கடியது. அதனால் இடுப்பினின்று பாதம் வரை ஓடும் நோவொன்று எம்மைப் பற்றிய வகையும், அதனை யாம் தணித்துக்கொண்ட வழியுமே ஈண்டு எழுதப் புகுந்தோம். கல்லூரி மலரில் இடுப்பு நோவுக்கும் இடமுண்டோ என்று நகைப்பாரும் உளராகலாம். மாணவ நண்பர்கள் நாற்காலியிலும் இரு சக்கர வண்டியிலும் நாடோறும் கழிக்கும் பொழுதை எண்ணிப் பார்ப்பின் அந்நகைப்பு நெடுநேரம் நில்லாது.

எம் தமையனார் கோயம்புத்தூரில் வாழ்ந்தவர். அவ்வூர் மோட்டார்ப் பந்தயத்தில் பித்துக்கொண்ட ஊர் என்பது பலரும் அறிந்ததே. பந்தய வண்டிகளைத் தாமே சமைத்த கரிவரதன் அவ்வூரினர். 1995-இல் அவர் மறைந்தபின், 2003-இல் செட்டிபாளையத்தில் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயரையே இட்டனர். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இந்தியருள் முதல்வராகப் புகுந்த நரேன் கார்த்திகேயனும் அவ்வூர்க்காரரே. தமையனாரும் இப்பித்துக்கு விலக்கானவரல்லர். இருவர் மட்டுமே அமரத்தக்கதும், துணிக்கூரை இட்டதும், தரையோடு தரையாய்த் தாழ்ந்ததுமான பழைய வண்டியொன்றை மகவைப்போற் பேணி வந்தார். 2021-இல் அவர் காலமானார். அண்ணியார், "தம்பி, ஓடாமல் நின்றால் இது துருப்பிடித்துப் போய்விடும், நீங்களே எடுத்து ஓட்டுங்கள்" என்று சாவியை எம் கையிற் கொடுத்தார்.

யாம் திருச்சிராப்பள்ளியில் ஆசிரியத் தொழில் புரிகின்றோம். ஆதலின் வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு, குளித்தலை, கரூர், காங்கேயம், பல்லடம் வழியாக 200 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவைக் கடந்து அண்ணியாரைக் கண்டு, ஞாயிறன்று மீளுதல் வழக்கமாயிற்று. வண்டியின் ஒலி தெருமுனையிற் கேட்டதும் அவர் வாயிலுக்கு வந்து நிற்பார். அவ்வொலியில் அவர் கேட்டது எம் வருகையையன்று என்பதை யாம் அறிவோம்.

இரண்டு திங்கள் சென்றன. ஒருநாள் காங்கேயத்தை நெருங்குகையில் வலப்புட்டத்தின் உள்ளே ஆணி வைத்து அழுத்தினாற்போல ஒரு நோவு தோன்றிற்று. பின்னர் அது தொடையின் பின்புறமாக இறங்கிக் கெண்டைக்காலைப் பற்றி, பாதத்தின் வெளியோரமாகச் சுண்டுவிரல் வரை சென்றது. இருமினாலும் தும்மினாலும் மின்னல் பாய்ந்தது. வகுப்பில் நின்று பாடஞ் சொல்லும்போது மேசையைப் பிடித்துக்கொள்ள நேர்ந்தது. இரவில் எப்பக்கம் படுப்பது என்பதே பெருங் கேள்வியாயிற்று. எமது நடையைக் கண்ட அண்ணியார், வண்டியின் பக்கம் திரும்பாமலே, "இரும்பு போனால் போகட்டும் தம்பி. உங்கள் காலைக் கெடுத்துக்கொண்டு இதை வைத்து என்ன செய்வது? விற்றுவிடலாம்" என்றார். வாங்குவதற்கு ஆளும் இருந்தனர். விடை கூற எமக்கு நாவெழவில்லை. ஒரு திங்கள் தவணை கேட்டோம்.

இந்நோவை ஆங்கில வைத்தியர் சயாட்டிகா என்பர். ஆயுர்வேத நூலார் கிருத்ரசி என்று பெயரிட்டு, அது இடுப்பில் தொடங்கித் தொடை, முழங்கால், கெண்டைக்கால், பாதம் என முறையே இறங்கும் என்று சரக சங்கிதையிலேயே கூறியுள்ளனர். கிருத்ரம் என்பது கழுகு. நோயாளியின் நடை கழுகின் நடையை ஒக்கும் என்பது பெயர்க் காரணம் என்பர். எம் வகுப்பு மாணவர் அக்காலத்தில் எமக்கு என்ன பெயர் வைத்தனரோ அறியோம். ஐரோப்பாவில், இந்நோவு மூட்டைச் சேர்ந்ததன்று, நரம்பைச் சேர்ந்தது என்று தெளிவுற எழுதியவர் நேப்பிள்ஸ் நகரத்துக் கொத்துனியோ, ஆண்டு 1764. அந்நரம்பு நம் உடலிலுள்ள நரம்புகளுள் எல்லாம் பருத்தது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு, அதாவது நம்மவர் பேச்சில் ஜவ்வு என்பது, பிதுங்கி நரம்பின் வேரை நெருக்குவதே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்பதை 1934-இல் மிக்ஸ்டர், பார் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் நிறுவினர். எனவே, நோவது காலாயினும் நோய் இருப்பது முதுகில். எம் கெண்டைக்காலில் நண்பர் தேய்த்த தைலமெல்லாம் வீணாய்ப் போனதன் காரணம் இதுவே.

யாம் நாடிய எலும்பு வைத்தியர் முதற்கண் எம் பணப்பையைக் காட்டச் சொன்னார். கட்டணத்தின் பொருட்டோ என ஐயுற்றோம். பின்பையிற் பருத்த பணப்பையை வைத்து அதன்மேல் அமர்வதால் இந்நோவு வருதலுண்டு என்று 1974-இலேயே ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதியுள்ளனராம். எமது பை சட்டையிலிருந்தது. பின்னர் எம்மைக் குதிகாலாலும் நுனிக்காலாலும் நடக்கச் செய்து வலிமை குன்றவில்லை என்று கண்டார். அதன்பின் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காதபடி வலக்காலை மெல்லத் தூக்கினார். ஒரு முழம் எழுமுன்னே சுண்டுவிரல் வரை தீப்பற்றியதுபோலாயிற்று. நீட்டிய காலை உயர்த்தினால் அந்நரம்பு இழுபடும். நெருக்குண்ட வேர் அப்போது கூவும். பிரெஞ்சு நாட்டு லாசேக் என்பவரின் பெயரால் வழங்கும் சோதனை இது.

"ஐயா, நீங்கள் ஓட்டும் வண்டியில் எப்படி உட்காருவீர்கள்? இக்கட்டிலில் உட்கார்ந்து காட்டுங்கள்" என்றார் அவர். யாம் இடுப்பைத் தாழ்த்தி, முதுகைச் சாய்த்து, காலை முன்னே நீட்டிக் காட்டினோம். அவர் சிரித்துவிட்டார். "நான் அரை நிமிடம் செய்த சோதனையை இந்த ஆசனம் உங்களுக்கு நான்கு மணிநேரம் செய்கிறது" என்றார்.

இவ்வொரு வாக்கியம் எமக்கு யாவற்றையும் விளக்கிற்று. பந்தய வண்டியின் ஆசனம் தாழ்ந்திருப்பது வண்டியின் பளு தரையோடு ஒட்டியிருத்தற்பொருட்டு. அதன் இருபுறமும் திண்டு எழும்பியிருப்பது, வளைவில் விரைந்து திரும்புங்கால் ஓட்டுவோன் பக்கத்தே எறியப்படாமற் காத்தற்பொருட்டு. இவை ஒரு பந்தயத்தின் அளவுக்கு நல்லனவே. கரூர்ச் சாலையில் லாரியின் பின்னே ஊர்ந்து செல்வதற்கோ அவை வேண்டற்பாலனவல்ல. முழங்காலினும் இடுப்புத் தாழ்ந்து கால் நீண்டிருந்தால், தொடையின் பின்தசைகள் இடுப்பெலும்பைப் பின்னோக்கி இழுக்கும். முதுகின் அடியிலுள்ள இயல்பான உள்வளைவு நிமிர்ந்துவிடும். வட்டின் முன்பக்கம் நசுங்கிப் பின்பக்கம் பிதுங்கும். அமர்ந்தால் அவ்வளைவு கெடும் என்பதை 1953-இல் கீகன் என்னும் அமெரிக்க வைத்தியர் எக்ஸ்ரே படங்களாற் காட்டினார். இதனோடு அதிர்ச்சியும் சேரும். மனித முதுகு வினாடிக்கு ஏறத்தாழ 5 முறை அதிரும் அசைவுக்கு மிகவும் இசைந்து ஆடும் இயல்பினது. விறைத்த வில்லுடைய வண்டி மேடுபள்ளத்தை எல்லாம் அப்படியே முதுகுக்கு அனுப்பும். தொழில் நேரத்தில் பாதியோ அதற்கு மேலோ வண்டியோட்டும் ஆடவர்க்கு வட்டுப் பிதுங்கல் ஏறக்குறைய மூன்று மடங்கு மிகுதி என்று 1975-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று கூறுகின்றது.

நிற்க. படுக்கையே மருந்து என்று எமக்கு உரைத்தோர் பலர். வைத்தியரோ அதனை மறுத்தார். இரு வாரம் படுக்கையிற் கிடந்தோரும் கிடவாதோரும் ஒரேயளவாகவே தேறினர் என்று 1999-இல் ஒல்லாந்து நாட்டில் ஆராய்ந்து கண்டனர். அறுவை செய்துகொண்டோர் விரைவில் நோவு நீங்கப்பெறினும், ஓராண்டின் முடிவில் செய்யாதோரும் அவர்க்கு நிகராயினர் என்பதும் அந்நாட்டார் 2007-இல் வெளியிட்ட முடிபு. ஆயினும் ஓர் எச்சரிக்கையை அவர் எம் மனத்திற் பதித்தார்: பாதம் தூக்கமாட்டாது தொங்கினாலும், இரு தொடைகளின் நடுவே மரத்தாலும், சிறுநீர் தடைப்பட்டாலும் அல்லது கட்டின்றிப் போனாலும், ஒருநாளும் தாழ்க்காமல் ஆஸ்பத்திரிக்கு விரைதல் வேண்டும். இதனைப் படிப்போரும் மறவாதிருப்பாராக.

இனி ஆசனத்தின் கதை. எம் தெருவின் கோடியில் வண்டிகளுக்குக் குஷன் வேலை செய்யும் பாய் ஒருவர் உளர். மெத்தென்ற திண்டொன்று போட்டுத் தருமாறு கேட்டோம். "ஐயா, மெத்தை போட்டால் ஆள் இன்னும் புதைவார், பெல்ட்டும் தளர்ந்துவிடும், அது வேண்டாம்" என்று அவர் மறுத்துவிட்டார். ஆசனத்தைக் கழற்றிக் கடைத்தரையில் வைத்து, கால் மணிநேரம் எம்மை அதில் அமர்த்தி, இடுப்புக்கும் சாய்வுக்கும் இடையே கையை நுழைத்து வெற்றிடத்தை அளந்தார். தொடையின் அடியில் எங்கே அழுந்துகின்றது என்று விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். எமக்குச் சிகிச்சை செய்தோருள் இத்துணைப் பொறுமையாக எம் உடலை ஆராய்ந்தவர் வேறொருவர் இலர்.

வலத்தொடையை நெருக்கிய பக்கத் திண்டின் பஞ்சை அவர் இரண்டு விரற்கடை சீவியெடுத்தார். ஆசனத்தின் முன்விளிம்பைச் சற்றே மழுக்கினார். இடைவார் கட்டும் உயரத்தில், சுருட்டிய துண்டின் பருமனுக்கு ஒரு சிறு திண்டை உறையின் உள்ளே வைத்துத் தைத்தார். பின்பக்கத்து மரைகளின் கீழே இரும்புக் கட்டை கொடுத்து ஓர் அங்குலம் உயர்த்தும் வேலையைத் தாம் செய்யாது மெக்கானிக்கிடம் அனுப்பினார். மோதலில் ஆசனத்தைப் பிடித்து நிற்பவை அம்மரைகளே ஆதலின், வலிய புதிய மரைகளையே இட்டனர். இப்போது இடுப்பு முழங்காலுக்கு ஏறக்குறையச் சமமாயிற்று. ஆசனத்தை முன்னே தள்ளி, மிதியை முழுதும் அழுத்தினாலும் முழங்கால் மடங்கியே இருக்குமாறு செய்துகொண்டோம். தலை துணிக்கூரையை உராய்கின்றது, அதனைப் பொறுத்துக்கொள்கின்றோம்.

பயிற்சியும் ஒன்று உண்டு. நியூசிலாந்து நாட்டு மெக்கென்சி என்பவரிடம் 1956-இல் கால் நோவோடு வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்துச் சிறிதுநேரம் கிடந்தாராம். எழுந்தபோது கால் நோவு நீங்கிவிட்டதாம். அதுமுதல் அவ்வைத்தியர் கண்டது யாதெனில், நோவு பாதத்தினின்று தொடைக்கும், தொடையினின்று இடுப்புக்கும் பின்வாங்குமாயின், இடுப்பில் அது மிகினும் நன்மைக்கே என்பது. யாமும் காலை மாலை குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மார்பை உயர்த்தினோம். எல்லார்க்கும் இது பொருந்தாது. கால் நோவு மிகுவோர் உடனே நிறுத்தல் வேண்டும். எமக்கோ மூன்றாம் வாரத்தில் கெண்டைக்கால் விடுதலை பெற்றது. சாலையிலும் முக்கால் மணிக்கொரு முறை இறங்கி நடக்கலானோம். குளித்தலைத் தேநீர்க் கடைக்காரர் இப்போது எம்மைக் கண்டதும் சர்க்கரையைக் குறைத்துவிடுகின்றார். இறங்குங்கால் ஒரு காலை முன்விட்டு உடலை முறுக்காமல், இரு கால்களையும் சேர்த்து வெளியே திருப்பிப் பின்னரே எழுகின்றோம்.

அண்ணியாரிடம் கேட்ட தவணை முடிந்தபோது நோவு தொடையளவில் நின்றது. பத்தாம் வாரத்தில் அதுவும் அகன்றது. சுண்டுவிரலில் மட்டும் சிறிது மரப்பு இன்னும் உளது. வாங்க வந்தவர்க்கு இல்லையென்று விடை சொல்லி அனுப்பினோம். இவற்றையெல்லாம் கேட்ட அண்ணியார், தமையனார் மறைந்தபின் ஒருமுறையும் ஏறாத அவ்வண்டியில் மருதமலை வரை போய்வரலாமா என்று வினவினார். இடப்பக்கத்து ஆசனம் இன்னும் பழைய நிலையிலேயே இருக்கின்றது. அவர் எம்மினும் ஒரு தலை குள்ளர். பாயிடம் கேட்டோம். அந்த அம்மாவை ஒருமுறை கடைக்கு அழைத்துவந்து உட்காரவைத்து அளவு பார்த்தாலொழியப் பஞ்சில் கத்தி வைப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார். வரும் விடுமுறையில் அண்ணியார் ரயிலேறித் திருச்சிக்கு வருகின்றார்.