பத்துக் கையெழுத்தில் ஒன்று என்னுடையது

2019 நாடாளுமன்றத் தேர்தலில் திண்டுக்கல் தொகுதியில் நின்ற ஒரு சுயேச்சை வேட்பாளரை முன்மொழிந்து நான் கையெழுத்துப் போட்டேன். ஏப்ரல் 18ஆம் தேதி காலையில் வாக்குச்சாவடிக்குப் போய் வேறொருவருக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும் சொன்னதில்லை. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. செய்தது நான், அவர் பெயர் எதற்கு அடிபட வேண்டும்?

ஊருக்குள் சின்னதாக ஓர் ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று ஓடுகிற பிழைப்பு. தேர்தல் வந்தால் கொஞ்சம் சேர்த்து ஓடும். அவர் நகரத்தை ஒட்டிய கிராமத்தில் தென்னை வைத்திருந்த சம்சாரி. மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்ததில் ஆரம்பித்த பழக்கம், பிறகு இந்தப் பக்கம் வந்தால் ஒரு டீ குடிக்காமல் போகமாட்டார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

ஒருநாள் தண்ணீர் பாட்டிலில் தன் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தார். என் மேஜைக் கண்ணாடி மேல் நாலு சொட்டு விட்டார். பேசிக்கொண்டே இருந்தோம். மின்விசிறிக் காற்றில் சொட்டுகள் காய்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக வட்டம் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது. "இதைத்தான் தம்பி மரம் குடிக்குது" என்றார். தோல் ஷாப்புகளின் கழிவு நிலத்தடி நீரில் இறங்கியது திண்டுக்கல்லில் பிறந்த யாருக்கும் புதிய செய்தி இல்லை. நகரத்துக்காரர்களுக்கு ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்தும் பேரணையிலிருந்தும் குழாயில் தண்ணீர் வந்துவிடுகிறது. அதனால் கிணறு கெட்டது நமக்கு உறைக்கவில்லை. கிணற்றை நம்பி இருந்தவனுக்குத்தான் அது தொண்டைக்குள் இறங்கியது.

கவுன்சிலருக்கு நில்லுங்கள், ஊராட்சிக்கு நில்லுங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். அவர் கேட்கவில்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் நாடாளுமன்றம் போட்ட சட்டம், கேள்வி கேட்க வேண்டிய இடம் அது, அங்கே போக முடியாவிட்டாலும் அங்கே போகிறவர் காதில் விழுகிற மாதிரி ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்றார். எனக்கு அது சரியாகவே பட்டது. இப்போதும் சரியாகவே படுகிறது. அதனால்தான் இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. அவர் சொன்னதை நம்பாமல் நான் விலகிப் போகவில்லை. நம்பிக்கொண்டே விலகினேன்.

அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் வேண்டும். இந்த விதி வந்த கதையை அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கமாட்டோம். 1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். பெரும்பாலும் தங்கள் குறையை நாடு பார்க்க வேண்டும் என்று நின்ற விவசாயிகள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுக்க 13,952 வேட்பாளர்கள். அதன் பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 500 ரூபாயாக இருந்த டெபாசிட் 10,000 ஆனது, இப்போது 25,000. சுயேச்சைக்குப் பத்துக் கையெழுத்தும் அப்போது வந்ததுதான். இதைப் பலர் வெறும் முட்டுக்கட்டை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த மனிதனை எங்களுக்குத் தெரியும், இவன் நிற்கத் தகுந்தவன் என்று பத்துப் பேர் பெயர் போட்டுச் சொல்வது அது. அந்தப் பத்தில் ஒன்றாகத்தான், என் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் பார்த்து எழுதி, என் மேஜையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பூத்திலிருந்து நாங்கள் நான்கு பேர்.

சின்னத்துக்குப் பூட்டு கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. திண்டுக்கல்காரர் வேறு எதைக் கேட்பார்? ஆனால் பூட்டும் சாவியும் அஸ்ஸாமில் ஒரு மாநிலக் கட்சியின் சின்னம், சுயேச்சைகளுக்கான பட்டியலில் அது கிடையாது. கடைசியில் கிடைத்தது அலமாரி. முகம் வாடிப் போய் வந்தவரிடம் நான்தான் 1973 கதையைச் சொன்னேன். தி.மு.க. எம்.பி. ராஜாங்கம் இறந்ததால் அந்த ஆண்டு மே மாதம் திண்டுக்கல்லில் இடைத்தேர்தல் வந்தது. 1972 அக்டோபரில் பிறந்த அ.தி.மு.க.வுக்கு அதுதான் முதல் தேர்தல், சொந்தச் சின்னம் கிடையாது. பட்டியலிலிருந்து வேட்பாளர் மாயத்தேவர் தேர்ந்தெடுத்ததுதான் இரட்டை இலை. அவர் ஜெயித்தார், ஆளுங்கட்சி மூன்றாம் இடத்துக்குப் போனது. "நம்ம ஊருல எடுத்த சின்னம்ணே அது. அன்னைக்கு அதுவும் ஒரு அலமாரிதான்" என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷம். அந்த இலைக்குப் பின்னால் எம்.ஜி.ஆர். இருந்தார், அலமாரிக்குப் பின்னால் பத்துக் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பத்திலாவது உறுதியாக நிற்க வேண்டியவன் நான்.

மார்ச் 29ஆம் தேதி சின்னம் முடிவானது. ஏப்ரல் 16 சாயங்காலத்தோடு பிரசாரம் ஓய்ந்துவிடும். பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், திண்டுக்கல் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். கட்சிக்காரர்களுக்குச் சின்னம் பிறக்கும்போதே வந்துவிடுகிறது. சுயேச்சை அந்த இரண்டரை வாரத்துக்குள் கொடைக்கானல் அடிவாரத்திலிருந்து நத்தம் வரை ஒரு படத்தை மக்கள் மனதில் பதிய வைக்க வேண்டும். அவருக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம்.

அவருடைய பிட் நோட்டீஸ் வேலையை நான் தள்ளி வைத்தேன். பணம் முழுக்க முன்னாலேயே கொடுக்கிறேன் என்றவரிடம் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு, பெரிய கட்சிகளின் கடன் வேலைகளை மெஷினில் ஏற்றினேன். தேர்தல் நோட்டீஸில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம், இல்லாவிட்டால் தண்டனை உண்டு. அத்தனை வருஷத்தில் முதல்முறையாக, என் அச்சகத்தின் பெயர் அவர் நோட்டீஸின் அடியில் இருப்பது எனக்கு உறுத்தியது. எழுத்தைக் குறைத்து எவ்வளவு சின்னதாகப் போட முடியுமோ அவ்வளவு சின்னதாகப் போட்டேன். நோட்டீஸ் கட்டுகள் அவர் கைக்குப் போனபோது பிரசாரத்தில் பாதி முடிந்திருந்தது. மெஷின் ரிப்பேர் என்று சொன்னேன். "பரவாயில்ல தம்பி, உங்களுக்கும் வேலை நெருக்கடி" என்று அவர் டி.வி.எஸ். ஐம்பதில் கட்டி எடுத்துப் போனார்.

அந்த வாரம்தான் வாடிக்கையாளர் ஒருவர், ஒரு கட்சியில் பொறுப்பில் இருப்பவர், பில் பார்க்க வந்தவர், சாதாரணமாகக் கேட்டார். "என்னண்ணே, நீங்க அலமாரிக்கு முன்மொழிஞ்சிருக்கீங்களாமே?" மிரட்டல் எதுவும் இல்லை. முகத்தில் சிரிப்புத்தான். நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், எதுவும் நடந்திருக்காது. "அட, பழகின மனுசன், கையெழுத்துக் கேட்டாரு, போட்டேன். அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். என் மேஜைக்கு வந்து, கண்ணாடியில் நாலு சொட்டு விட்டு, மரம் சாவதைச் சொன்ன மனிதரை ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டேன். வாக்குச்சாவடியில் செய்ததைவிட அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஓட்டு ரகசியம். இதை நான் வாய்விட்டுச் சொன்னேன்.

பூத்தில் வரிசை நீளமாக இருந்தது. என் காதில் விழுந்த பேச்செல்லாம் ஒன்றுதான்: யார் ஜெயிப்பார், எவ்வளவு வித்தியாசத்தில். இயந்திரத்தின் முன் நின்றபோது அலமாரிப் படம் கீழே இருந்தது. கட்சிகளுக்குப் பிறகுதான் சுயேச்சைகளின் பெயர்கள் வரும். விரல் அதுவரை போகவில்லை. ஓட்டு வேஸ்ட்டாகிவிடும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பக்கத்திலிருந்த விவிபாட் இயந்திரத்தின் கண்ணாடிக்குள் ஏழு விநாடி ஒரு சீட்டு தெரிந்தது, நான் அழுத்திய சின்னத்தோடு. தினமும் புரூஃப் பார்க்கிற கண், அதைத் தெளிவாகவே படித்தது. சீட்டு அறுந்து பெட்டிக்குள் விழுந்தது.

மே 23 அன்று தி.மு.க.வின் வேலுச்சாமி 5,38,972 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார், அந்தத் தேர்தலில் தமிழகத்திலேயே பெரிய வித்தியாசம். மூன்றாம் இடத்துக்கு வந்தவருக்கே டெபாசிட் போனது. நாம் தமிழர் கட்சிக்காகத் தெருத்தெருவாக நின்ற நடிகர் மன்சூர் அலிகானுக்கும் போனது. என் ஓட்டு இல்லாவிட்டால் ஜெயித்தவருக்கு 5,38,971. எதை வேஸ்ட் என்று பயந்தேனோ அதைத்தான் நான் செய்திருந்தேன். அண்ணனுக்குக் கிடைத்திருந்தால் அந்த ஒன்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் சும்மா சொல்லவில்லை. படிவம் 20 என்று ஒன்று இருக்கிறது, எந்த பூத்தில் யாருக்கு எவ்வளவு என்று வரிசையாகக் காட்டும். அவர் அதை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மிச்சப் பணத்தைக் கொடுக்க வந்தார். தோற்றவர்களிடம் பாக்கி வசூலிப்பது அச்சகக்காரனுக்குப் பெரும்பாடு. தேடி வந்து கொடுத்தவர் அவர் ஒருவர்தான். பணத்தை எண்ணி வைத்துவிட்டு, தாளைப் பிரித்து, எங்கள் பூத் வரிசையில் விரல் வைத்தார். நான்கு பேர் கையெழுத்துப் போட்ட பூத்தில் அலமாரிக்கு இரண்டு.

அவர் எதுவும் கேட்கவில்லை. என்னால்தான் சும்மா இருக்க முடியவில்லை. முன்மொழிந்த நால்வரில் ஒருவர் எங்கள் தெருவில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருப்பவர். "அவராத்தாண்ணே இருக்கும், அவரு எப்பவும் இப்படித்தான்" என்றேன். அண்ணன் தாளை மடித்துக்கொண்டே, "இருக்கும் தம்பி, யாரையும் குறை சொல்ல வேணாம்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்தி நான் பார்க்கவில்லை. முன்பெல்லாம் நிறுத்துவார்.

இது வெளிவருவதற்குள் இருவரையும் நேரில் பார்த்துச் சொல்லிவிடுவேன். முதலில் ஸ்டேஷனரிக் கடைக்காரரிடம். அவர் ஓட்டு யாருக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் அவரைச் சொன்னேன்.